சட்டைக் கணக்கெடுப்பு

நான் படித்த விடுதிப் பள்ளிக்குப் பொன்விழா வந்தபோது, பள்ளியின் பழைய இணையதளங்களைப் பாதுகாக்க ஒரு குழு போட்டார்கள். பெயர், இணையப் பாரம்பரியப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு. கீழ்மட்டக் குழு என்று ஒன்று கிடையாது. விதிப்படி அதில் ஒரு டாக்டர், ஒரு தொழிலதிபர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், சாதாரண முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். முதல் மூன்று பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான்காவது ஆளைத்தான் சல்லடை போட்டுத் தேடினார்கள். போனில் கூப்பிட்டு, "நீங்க சாதாரணமா இருக்கீங்களா?" என்று கேட்டால் எவன் ஆமாம் என்று சொல்வான்?

நான் சொன்னேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பேன். பழக்கதோஷம், வீட்டில் சினிமா பார்க்கும்போது யாராவது வேகமாக ஓடினால்கூட வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் பள்ளிப் பாசம் இல்லை. அம்மாமேல் இருந்த கோபம்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போனாள், என்னை விடுதியில் சேர்த்துவிட்டு. அந்தப் பள்ளியை அவள் தேர்ந்தெடுத்ததே 'ஞாயிறு படம்' என்ற ஏற்பாட்டுக்காகத்தான். ஞாயிறுதோறும் ஒவ்வொரு பையனின் புதுப் படத்தையும் பள்ளியின் இணையதளத்தில் போடுவார்கள். பெற்றோர் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கடவுச்சொல்லை அடித்துப் பிள்ளையைக் கண்ணாரப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இது கிடையாது.

படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் சிவப்பு விளக்கு எரியும் பெட்டி ஒன்று இருந்தது. "அதுதான் கேமரா. எப்ப எடுக்கும்னு சொல்ல மாட்டேன். அதைப் பாக்கவும் கூடாது," என்பார் வார்டன். ஆகவே ஞாயிறு மதியம் நாங்கள் எல்லோரும் தலையைப் படிய வாரிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்க்காமல் சாப்பிடுவோம். எனக்கு அம்மாவே அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். தட்டில் மிச்சம் வைக்க மாட்டேன்.

ஏழாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வாரக்கணக்கில் நோயறையில் கிடந்தேன். ஜன்னல் ஓரத்துக் கட்டில். ஜன்னல் வழியே பள்ளியின் கேட் தெரியும். ஞாயிறு படத்தில் என் நாற்காலி காலியாக இருப்பதை அம்மா பார்த்திருப்பாள், கிளம்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கேட்டையே பார்த்துக் கிடந்தேன்.

வார்டன் மட்டும் தினமும் வந்தார். அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். எந்தப் பையனைப் பார்த்தாலும், "எங்கே, சிரி பாக்கலாம்," என்பார். எங்களுக்கு அவர்மேல் உயிர். கட்டிலில் உட்கார்ந்து நெற்றியில் கை வைப்பார். "அம்மாகிட்ட சொன்னீங்களா சார்?" என்று கேட்பேன்.

"சொல்லிட்டேன்டா. லீவு கிடைக்கலையாம். உன்னை தைரியமா இருக்கச் சொன்னாங்க."

விடுதியின் போன் அவரிடம்தான் இருந்தது. பையன்கள் பேசினால் வீட்டு நினைப்பு வந்துவிடும் என்று எங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். அம்மா வரவில்லை.

ஆண்டு விடுமுறைக்கு அவள் வந்தபோது, "ஏம்மா வரல?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். "உனக்கு எப்படா காமாலை வந்துச்சு? வாராவாரம் படத்துல சிரிச்சிட்டுதானே இருந்தே? கண்ணு வெள்ளையாதானே இருந்துச்சு?"

நர்ஸ் சொல்கிற பொய்யா இது? குழந்தை காதிலேயே பூச் சுற்றுகிறாளே என்று தோன்றியது. அன்றிலிருந்து அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று என்னோடுதான் இருக்கிறாள். ஒரே வீடு, அடுத்தடுத்த அறை. "சாப்பிட்டாச்சு", "வரேன்", "மாத்திரை போட்டியா" இவ்வளவுதான் எங்கள் உரையாடல். அந்த வாரங்களின் பக்கத்தை எடுத்துவந்து, காலி நாற்காலியை அவள் முன்னால் வைத்து, "இது யாரும்மா சிரிக்கிறது?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் சாதாரண மனிதனாகப் பதிவு செய்துகொண்டேன்.

முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். டாக்டருடையதில் 'டாக்டர்' என்று இருந்தது. என்னுடையதில் 'சாதாரணம்'. கௌரவ ஆலோசகராகச் சிரிப்பு சார் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "எங்கே, சிரி பாக்கலாம்," என்றார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

பள்ளி முதல்வர் பேசினார். "நம்மகிட்ட வரலாறு நிறைய இருக்கு. ஆனா அது ரொம்பப் பழசா இருக்கு. பழசைப் பாதுகாக்கிறதுன்னா, அதைப் புதுசாக்கிப் பாதுகாக்கணும். இதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாதுன்னு நான் ஏற்கனவே தீர்மானிச்சிருக்கேன்." கை தட்டினோம்.

முதல் பிரச்சினை, 'எங்கள் சாதனைகள்' என்ற பக்கம். இணையதளம் தொடங்கிய நாள் முதல் அதில், 'இந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது' என்ற ஒரே வரிதான் இருந்தது. அதை இப்போதாவது முடித்துவிடலாமா என்று தொழிலதிபர் கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம் தயாராகிட்டு இருந்த ஒண்ணை முடிக்கிறதுக்கு நாம யாரு? அது பாரம்பரியம். தொடர்ந்து தயாராகட்டும்." தீர்மானம் நிறைவேறியது. பக்கத்தை யாரும் முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலரை நியமித்தார்கள்.

இரண்டாவது பிரச்சினை பெரியது. பழைய தளத்தின் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் சின்னக் கட்டம் இருந்தது. யார் திறந்து பார்த்தாலும் அதில் ஒன்று கூடிவிடும். "அப்படின்னா பாக்கிற ஒவ்வொருத்தரும் வரலாற்றைத் திருத்துறாங்க," என்றார் நீதிபதி. அறையே பேயறைந்தது போல் ஆனது. நீண்ட யோசனைக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட தளத்தை இனி யாருமே பார்க்கக் கூடாது என்று முடிவானது. பார்க்க விரும்பும் பொதுமக்கள் அணைத்து வைத்த திரையின் முன் உட்காரலாம். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்வார். அந்த ஆசிரியரும் பார்த்திருக்கக் கூடாது.

மேசைக்கு அடியில் என் கால் பிரேக்கைத் தேடியது. "சார், ஞாயிறு படமெல்லாம் அதுலதானே இருக்கு? அதையாவது பாக்கலாமா?" என்று கேட்டேன். சாதாரணர்கள் கேள்வி கேட்க விதியில் இடம் இல்லை என்று முதல்வர் அன்பாகச் சொன்னார்.

என்னைக் காப்பாற்றியவர் டாக்டர். கம்ப்யூட்டருக்கும் ஆயுள் உண்டு, ஒருநாள் அது இறந்துபோனால் என்ன செய்வது என்று அவர் கவலைப்பட்டார். ஆகவே எல்லாப் பக்கங்களையும் காகிதத்தில் அச்சடித்து லேமினேட் செய்யச் சொன்னார்கள். அச்சடித்த காகிதத்தைப் பார்த்தால் எண்ணிக்கை ஏறாது என்று நீதிபதியும் ஒப்புக்கொண்டார். 'இங்கே அழுத்தவும்' என்று வரும் இடங்களில் பார்வையாளர் காகிதத்தை அழுத்தினால், பின்னால் நிற்கும் பியூன் அடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து தர வேண்டும். முகப்புப் பக்கம் திறந்தால் ஒலிக்கும் பாட்டைக் காகிதத்தில் அடைக்க முடியாததால் இசை ஆசிரியரை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவர் பணி மாறுதல் கேட்டு விண்ணப்பித்ததாகக் கேள்வி.

லேமினேட் ஆன காகிதங்களை வரிசைப்படுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு நேரம் இல்லை. சாதாரணருக்கு நேரம் இருக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

எனக்குக் கொடுத்த அறையின் வாசலில் 'பாதுகாப்பு மையம்' என்று பித்தளைப் பலகை புதிதாக மின்னியது. உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது, பழைய நோயறை. கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஜன்னல் அப்படியே இருந்தது. கேட்டும் தெரிந்தது.

நான் தேடிய பருவத்தின் கட்டு கடைசி மேசையில் இருந்தது. பிரித்தேன். முதல் ஞாயிறு. பள்ளித் தோட்டத்தில் நீலச் சட்டையில் நின்று சிரிக்கிறேன். தாடையில் பிளாஸ்டர். பருவம் தொடங்க வந்த அன்று பஸ் படிக்கட்டில் விழுந்து வாங்கிய காயம். சாப்பாட்டுக் கூடம் இல்லையே, தோட்டமாக இருக்கிறதே என்று கொஞ்சம் குழம்பினேன். அடுத்த ஞாயிறு. கட்டம் போட்ட சட்டை. அதே பிளாஸ்டர். அதற்கடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை. பிளாஸ்டரின் இடது ஓரம் பிரிந்து தொங்குகிறது. முதல் வாரத்திலும் அதே ஓரம்தான் பிரிந்திருந்தது.

வேகமாகப் புரட்டினேன். என் பின்னால் ரோஜாச் செடிக்கு அருகில் தோட்டக்காரர் குனிந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் நிமிரவேயில்லை. ரோஜாவும் உதிரவில்லை. நான் காமாலையில் கிடந்த வாரங்களும் வந்தன. கோடு போட்ட சட்டையில் சிரிக்கிறேன். மஞ்சள் சட்டையில் சிரிக்கிறேன். நான் நோயறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையில் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறேன். கண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது.

என் வகுப்பில் குண்டு என்று ஒருவன் இருந்தான். அந்தப் பருவத்தின் பாதியில் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்கு ஓடிப்போனவன். ஓடிப்போன பிறகும் எல்லா ஞாயிறும் அவன் தோட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சட்டைக் கணக்கெடுப்பு நினைவுக்கு வந்தது. பருவத்தின் முதல் நாள் நடக்கும் சடங்கு அது. சலவைக்குப் போகிற சட்டை தொலைந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமாம். கொண்டுவந்த சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும், சிரிப்பு சார் படம் எடுப்பார். "சிரிடா. மூஞ்சி சுருங்கினா சட்டையும் சுருங்கித் தெரியும்." சொந்தச் சட்டைகள் தீர்ந்ததும் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்வார். அடுத்தவன் சட்டையை எதற்கு என் பெயரில் கணக்கெடுக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அன்று எங்களுக்குக் கொண்டாட்டம். சட்டை மாற்றி மாற்றி மாலைவரை சிரிப்போம்.

காகிதங்களை அள்ளிக்கொண்டு நேராகக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். மேசையில் வரிசையாகப் பரப்பினேன். பிளாஸ்டரைக் காட்டினேன், தோட்டக்காரரைக் காட்டினேன், ஓடிப்போன குண்டுவைக் காட்டினேன். "இந்த வாரமெல்லாம் நான் காமாலையில படுத்திருந்தேன் சார். எங்கம்மாவை ஏமாத்தியிருக்கீங்க," என்றேன்.

சிரிப்பு சார் படங்களைக் கையில் எடுத்துப் பிரியமாகப் பார்த்தார். எழுந்து நின்று பேசினார்.

"ஏமாத்துறதா? தம்பி தப்பாப் புரிஞ்சிக்கிட்டாரு. பெத்தவங்களுக்கு என்ன வேணும்? சந்தோஷமா இருக்கிற பிள்ளை வேணும். பிள்ளைங்க எல்லா வாரமும் சந்தோஷமா இருப்பாங்கன்னு நாம எதிர்பாக்க முடியுமா? ஒரு வாரம் அழுவான், ஒரு வாரம் காய்ச்சல்ல படுப்பான். முதல் நாள்தான் வீட்டுச் சாப்பாடு தெம்புல முகம் நல்லா இருக்கும். அதனால முழுப் பருவத்துக்கும் தேவையான சந்தோஷத்தை முதல் நாளே எடுத்து வச்சிடுவோம். இது திட்டமிடல். ஒரு பெத்தவங்ககூட புகார் சொன்னதில்லை."

"அப்ப சாப்பாட்டுக் கூடத்துல இருந்த கேமரா?"

"அது கரண்டு போனா எரியுற எமர்ஜென்சி லைட்டுப்பா. சிவப்பு, சார்ஜ் ஏறுறதுக்கு. ஆனா அதைப் பாத்து நீங்க எல்லாம் எவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டீங்க."

முதல்வரின் கண்கள் கலங்கிவிட்டன. அவமானத்தில் என்று நினைத்தேன். பெருமையில். "எல்லாரும் நடந்து முடிஞ்சதைத்தான் பாதுகாக்கிறாங்க. நடக்கிறதுக்கு முன்னாடியே வரலாற்றைப் பாதுகாத்த பள்ளி நம்ம பள்ளிதான். இது பொன்விழா மலர்ல முதல் பக்கத்துல வரணும்," என்றார். தொழிலதிபர் மேசையைத் தட்டினார்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் காமாலை வந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"நான்தான் சார் ஆதாரம்."

"ஆவணத்துல நீங்க சிரிக்கிறீங்க. லேமினேட்டும் ஆயிடுச்சு. ஆவணத்தோட ஒத்துப்போகாத ஞாபகங்களைக் குழு ஏத்துக்க முடியாது. உங்க ஞாபகத்தைத் திருத்திக்க உங்களுக்கு அவகாசம் தரலாம்." டாக்டர் எட்டி என் படத்தைப் பார்த்து, கண்ணில் மஞ்சள் இல்லை, ஆகவே காமாலை வந்திருக்க வாய்ப்பில்லை என்று மருத்துவக் கருத்தும் சொன்னார்.

என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை.

வெளியே வராந்தாவில் சிரிப்பு சாரைப் பிடித்துக்கொண்டேன். நியாயமாக அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் சின்னப் பையன்போலத்தான் கேட்க வந்தது. "சார், நீங்க அம்மாகிட்ட சொன்னதாச் சொன்னீங்களே."

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பாங்க."

"வந்திருப்பாங்க, இல்ல சார்?"

"அதைத்தான்டா நானும் சொல்றேன். ஒருத்தங்க வந்தா எல்லாரும் வருவாங்க. அப்புறம் விடுதி எதுக்கு?" என் தோளில் தட்டினார். நெற்றியில் வைத்த அதே கை. "வாராவாரம் போன்ல உங்கம்மா எனக்கு எவ்வளவு நன்றி சொல்லுவாங்க தெரியுமா. நல்ல மனுஷி."

அந்த மனிதரை நான் இத்தனை காலம் நேசித்தேன். நெஞ்சுக்குள் யாருக்காவது நல்ல இடம் வைத்திருந்தேன் என்றால் இவருக்குத்தான். வராத அம்மாவுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தவர் என்று நினைத்தேன். அவளை வரவிடாமல் செய்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் என்று இப்போதுதான் தெரிகிறது.

பொன்விழா அன்று பள்ளி வாசலில் வீட்டு உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை, பிளாஸ்டர், பல் தெரியும் சிரிப்பு. அடியில், 'ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சிரிப்பு.' சாதாரண மாணவனையும் சிரிக்க வைத்த பள்ளி என்று முதல்வர் மேடையில் குறிப்பிட்டார். நினைவுப் பரிசாக அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என் கையில் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பரவாயில்லை, பழைய படத்திலிருந்து சிரிப்பைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் படத்தை வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை எடுத்தாள். அவள் பார்வை சிரிப்புக்குப் போகவில்லை, சட்டைக்கும் போகவில்லை. நேரே கண்ணுக்குப் போனது. விரல் நுனியால் சட்டத்தின் கண்ணாடிமேல் இரண்டு கண்ணையும் தொட்டாள். "இதுதான்டா. வார்டுல டியூட்டி முடிஞ்சதும் ஓடிப்போய் இதைத்தான் பாப்பேன். கண்ணைத்தான் முதல்ல பாப்பேன். வெள்ளையா இருக்குல்ல? நான் சொன்னேன்ல?"

"ஆமாம்மா. நீ சொன்னது சரிதான்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைகள், தோட்டம், முதல் நாள், சிவப்பு விளக்கு, போன்.

அம்மா பிரித்து வைத்த மாத்திரைகளைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள். "பிளாஸ்டர் ஏன் இன்னும் இருக்குன்னு கேட்டா, வாராவாரம் புதுசு ஒட்டுறோம்னாரு. அந்த ஆளுக்குப் போய் வாராவாரம் நன்றி சொன்னேனே," என்றாள். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். குரல் உடைந்துவிடும் என்று நினைத்தேன். உடையவில்லை. ஆஸ்பத்திரிக் குரலில் கேட்க ஆரம்பித்தாள்.

"முதல்ல காய்ச்சல் வந்துச்சா, வாந்தி வந்துச்சா?"

"வாந்திம்மா."

"சிறுநீர் என்ன நிறம்?"

"காப்பி மாதிரி."

"ராத்திரி யார் பக்கத்துல இருந்தா?"

"யாரும் இல்லை."

"அரிச்சுதா உடம்பெல்லாம்? யாரு சொறிஞ்சு விட்டா? என்ன சாப்பிடக் கொடுத்தாங்க? அம்மா வேணும்னு கேட்டியா?"

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். ஏழாம் வகுப்பிலிருந்து தொண்டையில் நின்றிருந்த பதில்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். ஒரு கையால் என் தாடையை நிமிர்த்தி, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்து, விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"அழாதடா. கண்ணு செவந்துட்டா நான் எப்படிப் பாக்கிறது?"